கடைசி அறையின் கூச்சல்

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர்கள் வருகைக் கருவியில் முகத்தைக் காட்டிவிட்டு வகுப்புக்குப் போவதில்லை என்று புகார். கண்காணிக்க ஒரு குழு போட்டு, பொருளாதாரம் நடத்தும் என்னையும் அதில் கோத்துவிட்டார்கள்.

ரெட்டியார்பாளையம் நெரிசலில் முட்டிமோதி வந்து, முகத்தைக் காட்டிவிட்டு, மாடி மாடியாக ஏறி அடுத்தவர் வகுப்புகளை எட்டிப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. அன்று எல்லா அறைகளிலும் ஆசிரியர் இருந்தார். கடைசி அறையில் மட்டும் ஒரே கூச்சல். ஒருத்தர் மாட்டினார் என்று கதவைத் தள்ளினேன்.

பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்றார்கள். முன்வரிசைப் பெண் அவசரமாக நோட்டை விரித்தாள்.

"வந்துட்டீங்களா சார்! ரெண்டு வாரமா உங்களுக்குத்தான் காத்துக்கினு இருக்கோம்."

அது என் வகுப்பு. என் பாடவேளை.

"பாடம் எடுக்க வரலம்மா. செக் பண்ண வந்தேன்" என்றேன். சொல்லும்போதே நா கூசியது.

அறிக்கையில், வராதவர் என்று என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். அலுவலகக் கண்காணிப்பாளர் அதை அடித்துவிட்டார்.

"மெஷின்ல நீங்க பிரசென்ட் சார். எதுக்கு வம்ப வெலைக்கு வாங்குறீங்க?"

குழுவிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் காலையில் கருவி எனக்குப் பச்சை விளக்குக் காட்டுகிறது. கிளம்பி எல்லா அறைகளையும் எட்டிப் பார்க்கிறேன், அந்தக் கடைசி அறையைத் தவிர.