ஊட்டியில் ஜெயித்த குதிரை

எங்கள் தெரு ஆட்டோக்காரர் செல்வம், புது டயருக்கு வைத்திருந்த பணத்தோடு இன்று என்னோடு கிண்டி குதிரை ரேஸுக்கு வந்தார். செங்கல்பட்டில் ரயில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"ஊட்டில மூணு தபா ஃபர்ஸ்ட்டுடா நான் கட்டப்போற குதிரை!"

"அண்ணாத்த, அங்க அதுகூட ஓடினதெல்லாம் சப்பை. இன்னிக்கு பெங்களூர் குதிரைங்க வருது. வோணாம்" என்றேன்.

பெட்டிக்கே கேட்கும்படி கத்தினார்: "மதுராந்தகம் ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டு, படூர் காலேஜ்ல ஏழு அரியர் வெச்சுட்டு ஓடியாந்தவன் எனக்கு சொல்றான்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"காலேஜ்ல கூட ஓடறவன் மாறிட்டான்ல. அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. அவர் குதிரை கடைசி. நான் கட்டிய பெங்களூர் குதிரை ஜெயித்தது.

திரும்பும் ரயிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஒரு வாய் குட்றா நைனா."

கொடுக்கவில்லை.

பாவம் என்பவர்கள் கமெண்டில் திட்டலாம். டயரையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.