கறையான் தின்னாத புத்தகம்

போன வருஷம் மாசி மாதம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நடந்தது இது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது ரத்தோட்டை டவுனில் இருந்துகொண்டு வேன் ஓட்டுகிறேன். மலை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியே ஓரளவு இங்கிலீஷ் பழகிவிட்டது.

என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்குத் தன்னைப் பெற்றவளின் பெயர் தெரியாது. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. அவர் தவழ்வதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள். தாத்தா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு அவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். தாய் வழிச் சொந்தமெல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லையாம். 'ஏழாம் லயத்துக்காரி', 'கங்காணி மருமக', அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக எடுத்த உத்தேச வயதுச் சான்றிதழில், தாய் என்ற இடத்தில் வளர்த்த சின்னம்மாவின் பெயர் இருக்கிறது.

பெயர் தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். சித்திரா பௌர்ணமி அன்று தாயை இழந்தவர்கள் விரதமிருந்து கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்வது வழக்கம். ஐயர் ஒவ்வொருவரிடமும் தாயின் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி அர்ச்சனை செய்வார். அப்பாவின் முறை வரும்போது அப்பா தலையைக் குனிந்துகொள்வார். ஐயர் பாவம், நல்ல மனுஷர். 'தாயார்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அந்த அரை நிமிஷத்தை நினைத்து அப்பா முதல் நாளே சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்.

இதற்காக நான் இரண்டு வருஷம் அலைந்தேன். பிரதேச செயலகத்தில், பிறந்த தேதி சரியாகத் தெரிந்தால் தேடலாம், இல்லாவிட்டால் தோட்டத்துப் பழைய பிறப்புப் புத்தகத்தைப் பாருங்கள் என்றார்கள். தோட்டத்து ஆபீசில் ஒரு ஜன்னல் இருக்கிறது. தொழிலாளிகள் எந்தக் காரியத்துக்குப் போனாலும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. என் அப்பா அங்கே நின்றார், அவர் அப்பா நின்றார், அதனால் நானும் நின்றேன். ஐந்து தடவை போயிருப்பேன். ஐந்து தடவையும் பெரிய கிளாக்கர் தலையைத் தூக்காமலே ஒரே பதிலைச் சொன்னார். பழைய புத்தகத்தையெல்லாம் கறையான் அரித்துவிட்டது. நானும் நம்பினேன். கறையான் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இப்படியிருக்கும்போதுதான் அயர்லாந்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக வந்திருந்தார். அவருடைய பாட்டனாரின் தம்பி அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் சின்னதுரையாக, அதாவது உதவி மேனேஜராக இருந்து, காய்ச்சலில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவராம். அந்தக் கல்லறையைத் தேடிக்கொண்டு என் வேனில் ஏறினார்.

போகிற வழியில் ரத்தோட்டையில் பால் விடாத பிளேன்டி குடிக்க நிறுத்தினேன். அவர் ஒரு தடித்த கொப்பியை விரித்துக் காட்டினார். முதல் பக்கத்தில் அவருடைய பெயர். அதற்கு மேலே தாய் தகப்பன், அதற்கு மேலே அவர்களுடைய தாய் தகப்பன், இப்படி மரம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. அவர்கள் நாட்டில் இந்தத் தேடல் பலருக்கு ஒரு பித்தாம். எப்படித் தொடங்குவது என்று கேட்டேன். சுலபம் என்றார். தூரத்துப் பாட்டனிடம் போய்த் தொடங்கக் கூடாது. உன்னிடமிருந்து தொடங்கி, தெரிந்ததை மட்டும் எழுது. வீட்டில் இருக்கிற வயதானவரிடம் இன்றைக்கே கேள், நாளைக்கு என்று விடாதே. ஆளின் பெயரைவிட ஊரின் பெயர் முக்கியம். எந்தக் கிராமம், எந்தச் சர்ச்சின் கோயில்பற்று என்று தெரிந்துவிட்டால், ஞானஸ்நானப் புத்தகம், காணிப் பட்டியல், கல்லறைக் கல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறிவிடலாம். அவர்களுடைய அரசாங்கப் பழைய பதிவுகளில் பெரும்பகுதி ஒரு தீயில் எரிந்துபோயிற்றாம். அப்படியும் விடாமல் தேடுகிறார்கள்.

பிறகு கொப்பியில் ஒரு தாளைத் திருப்பி, நீயும் எழுது என்று பேனாவைத் தந்தார். என் பெயர், அப்பா, அம்மா, தாத்தா எல்லாம் எழுதினேன். தாத்தாவுக்குப் பக்கத்தில் கோடு போட்டுவிட்டு நிறுத்தினேன். இது யார் என்று கேட்டார். மறந்துவிட்டது என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல வெட்கம். தன் அப்பாவைப் பெற்றவளை மறந்த ஆள் என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது, பாருங்கள்.

தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் கதவால் உள்ளே போனார். நான் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். செருப்பையும் கழற்றியிருந்தேன், யார் கழற்றச் சொன்னது? உள்ளே பெரிய கிளாக்கர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சோசரோடு தேத்தண்ணி வந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, ஏன் வெளியே நிற்கிறாய், நீ இல்லாமல் நான் எப்படிப் பேசுவது என்று கேட்டார். அப்படித்தான் நான் முதல் தடவையாக அந்த ஆபீஸ் கதவால் உள்ளே போனேன்.

அவர் வந்த காரியத்தைச் சொன்னேன். கிளாக்கர் மேசை லாச்சியைத் திறந்து சாவியை எடுத்தார். மூலையிலிருந்த இரும்பு அலுமாரியைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றிய புத்தகங்கள், மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை. இறப்புப் புத்தகங்கள், பிறப்புப் புத்தகங்கள், முதுகில் வருஷம் எழுதி, வரிசையாக, இடையில் அந்துருண்டை கூடப் போட்டு வைத்திருந்தார்கள். கறையான் அரித்த ஒரு தாளைக்கூட நான் அங்கே காணவில்லை.

அந்த அம்மாவின் சின்னதுரை கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டார். அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். என்ன காய்ச்சல், எந்த டாக்டர் வந்தார், எந்த மரத்தடியில் புதைத்தார்கள், எல்லாம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கிளாக்கர் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஐயா, கறையான் தின்னுருச்சின்னு சொன்னீங்களே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒனக்குக் காட்டுனா நாளைக்கு லயமே வந்து நிக்கும். அந்தம்மா முன்னுக்கு மானத்த வாங்காம பேசாம இரு."

இதைச் சொன்னவர் வேறு யாருமல்ல. அவரும் லயத்தில் பிறந்தவர்தான், என் அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். லயமே வந்து நிற்கட்டுமே! எங்கள் ஆட்கள் பிறந்ததும் செத்ததும்தானே அந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எங்கள் வீட்டுச் சாவு எங்களுக்குத் தெரிந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இதையெல்லாம் கேட்க வாய் வரவில்லை. நான் செய்தது என்ன தெரியுமா? "சரிங்க ஐயா" என்றேன்.

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் சொல்லிவிட்டேன். மறந்துவிட்டது என்று காலையில் சொன்னது பொய் என்பது, சித்திரா பௌர்ணமி, ஜன்னல், கறையான், எல்லாவற்றையும் என் அரைகுறை இங்கிலீஷில் கொட்டினேன். அவர் தன் பேனாவை மூடிவைத்தார். கொப்பியில் நான் கோடு போட்ட தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"என் வேலை முடிந்துவிட்டது. இனி உன்னுடைய புத்தகத்தை எடுக்கச் சொல்" என்றார்.

அதையும் நான்தானே தமிழில் சொல்ல வேண்டும்! நேராக நிமிர்ந்து நின்று சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வசனத்தை நான் மொழிபெயர்த்ததில்லை. கிளாக்கரின் முகம் சுருங்கியது. முடியாது என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பவனிடம் மட்டும் வருகிற வாய் அது.

மூன்று புத்தகம் பார்த்தோம். மூன்றாவதில் அந்த அம்மாதான் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்து விரலை வைத்தார். ஏழாம் லயம். ஆண் குழந்தை. தகப்பன் பெயர், அடுத்த கட்டத்தில் தாயின் பெயர். துரைக்கு அரைப் பக்கம், இவளுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் இரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். வெளியே வரும்போது என் வாய் கிளாக்கருக்கு நன்றி சொல்லிவிட்டது. இன்றைக்கும் அந்த வாயை மன்னிக்க முடியவில்லை.

பிறகு சின்னதுரையின் கல்லறைக்குப் போனோம். சுற்றிக் கம்பி வேலி, நல்ல கல். அந்த அம்மா பூ வைத்தார். உன் பாட்டியை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். தொழிலாளிகளின் பழைய புதைகுழி இருந்த இடத்தைக் காட்டினேன். அதன் மேல் தேயிலை நின்றது. வேனில் ஏறும்போது அவர், எங்கள் பதிவுகள் எரிந்துபோய்விட்டன, உங்களுடையதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், இதுதான் மோசம் என்றார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பெயரைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "யாரு காட்டுனது?" என்று கேட்டார். கிளாக்கர் என்றேன். "அவன் நல்லா இருக்கணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதன் பிறகு எங்கள் லயத்து ஆட்கள் சிலர் அதே ஆபீசுக்குப் போகக் கூப்பிட்டார்கள். கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தடவையும் ஜன்னலுக்குப் போகவில்லை. செருப்போடு கதவால் போனோம். கிளாக்கர் முறைத்தார், ஆனால் சாவியை எடுத்தார். கேட்க வேண்டிய இடத்தில் நின்று கேட்டிருந்தால் முதல் தடவையே எடுத்திருப்பாரோ என்னவோ. அந்தச் சந்தேகம்தான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

யார் பெயரையும் சொல்லாமல் இதை எழுதியிருக்கிறேன். அவள் பெயரையும் சொல்லவில்லை, அது அப்பா சொல்ல வேண்டியது. அந்தச் சித்திரா பௌர்ணமிக்கு அவர் சொன்னார். ஐயர் பழக்கத்தில் 'தாயார்' என்று தொடங்கிக் கடந்து போகப் பார்த்தபோது, அப்பா அவரை நிறுத்தி, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. எழுபது வருஷமாக அந்தப் பெயர் எங்கள் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சாவிக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்திருக்கிறது, நாங்கள் ஜன்னலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்திருக்கிறோம்.