ராமையாவின் சட்டைக்குப் படையல்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இந்திய தேசிய ராணுவத்துக்கென்று சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் சுகுமாரன் அண்ணே. முன்பு பாகான் டத்தோவில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். இப்போதும் லோரியில் ஏற்றுகிற மாதிரிதான் ஆள்களை உள்ளே கூட்டிப்போவார். "நவுருங்க, நவுருங்க, பின்னால ஆளு வருதுலா!" பின்னால் யாருமே இருக்க மாட்டார்கள்.

அங்கே இருப்பதில் ராமையாவின் காக்கிச் சட்டைமேல்தான் அண்ணேவுக்கு உயிர். ராமையா பத்து காஜா ஊர்ப்பக்கம் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவர். ராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். சட்டை மட்டும் திரும்பி வந்தது. அதில் ஓர் ஓட்டை. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அது துப்பாக்கிக் குண்டு, பெரியவர்கள் வந்தால் விமானக் குண்டு. ஓட்டை போட்ட ஒரு கரப்பான்பூச்சிக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்குப் படையல் போடும் நாள். ராமையாவுக்குப் படம் இல்லை. அதனால் பேத்தி குமுதா அக்கா வருசா வருசம் சட்டையை வீட்டுக்கு வாங்கிப்போய் இலைமுன் வைப்பார். போன வருசம் அது ஆட்டுக்கறிக் குழம்புக் கறையோடு திரும்பியது. அருங்காட்சியகத் தலைவர், யாழ்ப்பாணத்து துரைசிங்கம் ஐயா, உடனே அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த வருசம் வந்த அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப தாத்தாவுக்குச் சோறு இல்லையாண்ணே?"

அண்ணே தலையைச் சொறிந்தார். "சட்ட வெளிய வராது. சோறு உள்ள வரலாம்ல? போய் எடுத்தாங்க."

'உணவுக்குத் தடை' பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பெட்டிக்கு முன்னால் இலை, கறி, இட்லி, கறுப்பு பீர். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் துரைசிங்கம் ஐயா வந்து நின்றார்.

"என்ன இது, சுகுமாரன்? வேலை வேண்டாமோ உமக்கு?"

"வேணும்யா. இவரு வீட்டுக்குப் போக முடியலலா. அதான் வீட்ட இங்க கொண்டாந்துட்டோம்."

ஐயா குனிந்து இலையைப் பார்த்தார். செத்தவர்கள் சாப்பிட, மற்றவர்கள் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். அக்கா வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். "கண்ணாடிக்குள்ள இருந்தா எப்படிண்ணே கை நீட்டுவாரு?"

அண்ணே ஐயாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். ஐயா செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்ச் சாவியைப் போட்டுக் கண்ணாடியைத் திறந்துவைத்துவிட்டு வந்தார்.

மூவரும் கடைமுன் நடைபாதையான ஐந்தடியில் நின்றார்கள். காரில் வந்த ஒரு மலாய்க் குடும்பம் மூடியாச்சா என்று கேட்டது. "ஆள் சாப்பிடுறார், கொஞ்சம் பொறுங்கள்" என்று ஐயாவே மலாயில் சொல்லி அனுப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து, தாத்தா சாப்பிட்டு முடித்திருப்பார் என்று அக்கா கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். ஐயா தடுத்தார்.

"நில்லும் பிள்ளை. மனுசன் பர்மாவில இருந்தெல்லே வரோணும்."