இருவருக்கும் ஒரே வாசம்

அன்று வந்திருந்தவர்கள் மாப்பிள்ளையின் அம்மாவும், அந்த அம்மாவின் தம்பியான தாய்மாமனும். கூட்டி வந்த கார்க்காரர் தென்னை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே தூங்கிப்போனார். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, நான், தங்கை. வராதவர் மாப்பிள்ளை. கேரள எல்லையில் எங்கள் பெருமாட்டிப் பக்கம் அதுதான் வழக்கம். முதலில் பெரியவர்கள், ஏதோ கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்ததுபோல வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் பையன் வருவான். அதுவரை பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றே எல்லாரும் நடந்துகொள்ள வேண்டும்.

இங்கே அவர்கள் அறியாதவர்கள் இல்லை. ஜாதகம் கைமாறிய வாரமே மாப்பிள்ளை தங்கைக்குப் போன் செய்துவிட்டார். மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்ததில்லை. இது எனக்கு மட்டும் தெரியும்.

தங்கை பி.எட். முடித்து பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். அரசு வேலைக்கான பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தாள். முன்பு வந்த இரண்டு வரன்களும், கல்யாணத்துக்குப் பிறகு வேலை எதற்கு என்று கேட்டவர்கள். இவர் ஒருத்தர்தான், “நீங்க பரீட்சை எழுதுங்க. எங்கூட்ல மாடு பாக்க ஆளு இருக்குது” என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இந்த வரன் தட்டிப்போனால், அடுத்தவனிடம் மறுபடி முதலிலிருந்து அனுமதி கேட்க வேண்டும்.

தங்கை போடும் வாசனைத் திரவியம் நான் வாங்கியது. கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைக்காரப் பெண் ஒரு காகிதத் துண்டில் தெளித்து என் மூக்கருகே நீட்டினாள். ஆணும் பெண்ணும் போடலாம் என்றாள். முதலில் மிளகை நுணுக்கியதுபோல உறைத்தது. சற்றுப் பொறுத்ததும் மழையில் நனைந்த மரப்பட்டை. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது, வருஷக்கணக்காகத் திறக்காத மரப்பெட்டியைத் திறந்த வாசம். பூவும் இல்லை, இனிப்பும் இல்லை. அப்பா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: “என்னடா, மரமில்லுல வேலைக்குச் சேந்துட்டயா?”

தங்கை ஒருமுறை மணிக்கட்டில் தெளித்துப் பார்த்துவிட்டு குப்பியைத் திருப்பித் தரவில்லை. டப்பாவில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, “அண்ணா, இது நானேதான்” என்றாள். அப்படித்தான் அவள். சின்ன வயதில் அடித்தாலும் அழமாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். சொன்னதையே இன்னொரு தடவை, அதே குரலில் சொல்வாள். டப்பாவைப் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். அவரும் அதையே வாங்கிவிட்டார். “கண்ணால பாக்காத ஆளு எப்படி வாசமா இருப்பாருன்னு மட்டும் தெரியும், நல்லாருக்குதில்ல” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அன்று காலையில் அம்மா சொல்லிப் பார்த்தாள். “இன்னைக்கு ஒரு நாளாச்சும் அந்த மரப்பொடிய உட்டுரு. மல்லியப்பூ பத்தாதா?”

“பூ வாடிரும்மா.”

காப்பித் தட்டோடு வந்தவளை மாப்பிள்ளையின் அம்மா கைபிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் பிரியமாகத்தான் விசாரித்தார். கொண்டுவந்த பூவைத் தலையில் வைக்கக் குனிந்தவர், அப்படியே நின்றார். இன்னும் ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

“அம்மிணி, இது என்ன வாசம்?”

“சென்ட்டுங்க.”

“அது தெரியுது. யாரோட சென்ட்டு?”

நான் முந்திக்கொண்டேன். “நான் வாங்கிக் குடுத்ததுங்க. கோயமுத்தூர்ல.”

“தம்பி, எம் பையன் வாராவாரம் திருப்பூர்லருந்து கொண்டுவர்ற சட்டைய நாந்தான் தொவைக்கறேன். மிஷின்ல போட உடமாட்டேன், காலர் அழுக்குப் போகாது. கொஞ்ச நாளா அவன் சட்டையில இதே வாசந்தான். எத்தன சோப்புப் போட்டாலும் போறதில்ல. எனக்குத் தெரியாதுங்களா?”

அவருடைய தம்பி காப்பியை ஆற்றிக்கொண்டே, “அக்கா மூக்கச் சாதாரணமா நெனச்சறாதீங்க. மாடு பருவத்துக்கு வர்றத மோந்தே சொல்லிருவாங்க” என்றார். அம்மா சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள்.

எனக்கு விளக்கம் சொல்ல வரும் என்ற நம்பிக்கை இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உர மூட்டையில் எழுதியிருப்பதும் மருந்துச் சீட்டும் என் கைக்குத்தான் வரும்; நான் சொன்னால் அதோடு பேச்சு முடியும். அந்தப் பழக்கத்தில், “கம்பெனி சரக்குங்க இது. ஆம்பள, பொம்பள எல்லாரும் போடறது. ஊர்ல ஆயிரம் பேர் போடுவாங்க” என்றேன்.

“எந்த ஊர்ல தம்பி? எங்கூர்ல எம் பையன் மேல மட்டுந்தான் வீசுது.”

உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தேன், அச்சில் இருப்பதைப் பார்த்தால் நம்புவார்கள் என்று. “நீங்க படிச்சவரு. என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க” என்றார் மாமன்காரர். ஆங்கிலத்தில் இருந்ததை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். இதைப் போடுபவர் அதிகம் பேசாதவர். கூட்டத்தில் தனியாகத் தெரிபவர். தன் முடிவைத் தானே எடுப்பவர்.

கடைசி வரியைச் சொல்லும்போதே எங்கள் அம்மாவின் முகம் மாறுவது தெரிந்தது. மாமன்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “முடிவு எடுத்தாச்சாட்ட இருக்குது.”

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வேலை நேரத்தில் எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய ஆள் திருப்பூரில் இருந்தார், அவர் சட்டையைப் பற்றிய விசாரணை எங்கள் வீட்டில் நடந்தது. நேரில் பார்க்கவே இல்லை என்று நான் சொன்னால், அப்புறம் வாசம் எப்படி ஒன்றானது என்பார்கள். போனில் பேசினார்கள் என்றால் அதுவே குற்றம். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். “ஏனுங்கண்ணா, நாளைக்கு எங்க ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன பேசுவாங்க? பெரியவங்க வந்து பாக்கறதுக்கு மின்னாலயே பழக்கமாமான்னு கேப்பாங்கள்ல?”

“அப்படியெல்லாம் இல்லீங்க” என்றார் அப்பா. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

“இல்லைன்னு அம்மிணி சொல்லட்டும்.”

தங்கை பூவைச் சரிசெய்துகொண்டாள். “நேர்ல பாத்ததில்லீங்க. போன்ல பேசியிருக்கறோம். எனக்கு அவரப் புடிச்சிருக்குதுங்க.”

நான் அரைமணி நேரம் சுற்றி வளைத்ததை மூன்றே வரியில் முடித்துவிட்டாள். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா பெருமூச்சு விட்டு, “எம் பையனும் இப்படித்தான். மனசுல வச்சா மாத்தமாட்டான்” என்றார். மாமன்காரர்தான் சாவகாசமாக அடுத்ததற்குப் போனார்.

“அப்ப இது நாங்க பாத்து முடிக்கற கல்யாணமில்லீங்க. அவங்களாப் புடிச்சது. கல்யாணச் செலவு ரெண்டு ஊட்டுக்கும் பாதிப் பாதின்னு தரகர் சொன்னது, நாங்க பாத்து முடிக்கறதுக்கு.”

“போன்ல உங்க பையனுந்தானுங்களே பேசினாரு?” என்றேன்.

“பையன் பேசுவான் தம்பி.”

“அதே சென்ட்டுத்தானுங்களே அவரும் போட்டாரு?”

“போடட்டுமே. ஆம்பளப் பையன்.”

இன்னும் பேச வாயெடுத்த என்னை அப்பா கையசைத்து நிறுத்தினார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “சரிங்க. மண்டபம், சாப்பாடு எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்” என்றார். விலை கேட்டு வாங்குகிற குரல் இல்லை அது. சீக்கிரம் எழுந்து போகட்டும் என்கிற குரல்.

அவர்கள் போன பிறகு தங்கையிடம் கேட்டேன். “வேண்டாமுன்னு சொல்லிரட்டுமா?”

“சொல்லிட்டு? அடுத்து வர்றவங்களுக்கு எந்த சென்ட்டு அடிக்கறது?”

கல்யாணம் தை மாதம் நடந்தது. மாப்பிள்ளை நல்லவர், சொன்ன சொல் தவறவில்லை. அவள் வேலைக்குப் போகிறாள், பரீட்சையும் எழுதுகிறாள். நடந்ததைக் கேள்விப்பட்டு அவர் தன் பங்கைத் தானே தருவதாக அப்பாவிடம் வந்து நின்றார். “பொண்ணக் குடுத்த ஊட்டுல கை நீட்டறதுங்களா மாப்ள” என்று அப்பா வாங்க மறுத்துவிட்டார். அதிலும் எனக்கு அப்பாவின் மேல் கோபம்தான். கள்ளுக்கு விடமாட்டேன் என்று அத்தனை வருஷம் பிடிவாதமாக வைத்திருந்த தென்னைகளை அந்த மாதமே கள்ளிறக்கக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கினார். போதாததற்கு நான் ஆபீஸில் கடன் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் தருவதாக இருந்து எங்கள் தலையில் விழுந்த அந்தப் பாதி, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.