புதன்கிழமையே புறப்பட்டுவிட்ட மூட்டை

1938ஆம் வருஷம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு நானும் என் அத்திம்பேர், அக்காவின் கணவர் வரதாச்சாரியும் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினோம். அவர் விமானமேறிக் கொழும்புக்கு, நான் வழியனுப்ப. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய தமையனாருக்கு அன்று மாலை வயிற்றில் அறுவைச் சிகிச்சை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் தம்பியைப் பார்த்துவிட வேண்டும் என்று தந்தி வந்திருந்தது. அத்திம்பேருக்கு வியாழன் மாலைவரை விடுப்புக் கிடைக்கவில்லை. இனி ரயிலும் கப்பலும் மாறிப் போனால் சனிக்கிழமை ஆகிவிடும்.

பாலக்கரை வரை பஸ். அங்கிருந்து ஜட்கா, வாடகை ஒரு ரூபாய். வண்டிக்காரர் காதர் பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏரோப்ளேன்ல போறது யாருங்க?"

"இவர்தான்" என்றேன்.

"என் வண்டியிலயே கம்பியை இப்படிப் புடிச்சிருக்காரே! அங்க கம்பி இருக்குமான்னு கேட்டுக்கிட்டு ஏறச் சொல்லுங்க."

"நீர் ரோட்டைப் பாரும்" என்றார் அத்திம்பேர், பிடியை விடாமல்.

மன்னார்புரத்தில் ஓர் உறவினர் வீட்டில் இறங்கி, ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டோம். விமானம் பதினொரு மணிக்கு. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. ஆகையால் புதன்கிழமை நல்ல வேளையில் இந்த மூட்டையைப் பரஸ்தானமாக இங்கே கொண்டு வந்து வைத்திருந்தார்கள். பயணி போகும் திசையில் அவருடைய பொருளொன்றை முன்கூட்டி வெளியே வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு.

ஒன்பதேகாலுக்கு விமான நிலையம் சேர்ந்தோம். பெரிய மைதானம், ஒரு கொட்டகை, சிறிய ஆபீஸ். கம்பத்தில் துணிக் குழாயொன்று மேல்காற்றில் விறைத்து நின்றது. அதைப் பார்த்தே எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்று விமானி தீர்மானிப்பாராம். கொட்டகையருகே இருவர் பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்; ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் இஞ்சின் நின்றுவிடும்.

ஆபீஸ் குமாஸ்தா ஞானமுத்து முதலில் அத்திம்பேரையே தராசில் ஏறச் சொன்னார். பிறகு கைப்பெட்டி. பிறகு மூட்டை. முள் நின்ற இடத்தைப் பார்த்து முகம் மாறினார்.

"பதினோரு ராத்தல் கூடுதுங்க. டிக்கெட் வாங்குறப்ப இந்த மூட்டையைச் சொல்லலையே?"

"அது எப்படி என் சாமானாகும்? அது புதன்கிழமையே கிளம்பிடுத்தே!"

"கிளம்பியிருக்கலாங்க. இன்னும் ஏறலையே."

நான் இடையில் புகுந்து, "பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். விடியற்காலையிலேயே கொழும்பிலிருந்து காற்று, மேகம் பற்றிய செய்தி வயர்லெஸில் வந்துவிடும். தபால் பைகளின் எடையும் ஆட்களின் எடையும் கூட்டி, அதற்கேற்பத்தான் பெட்ரோல். போய்ச் சேரும் அளவு மட்டும் போதாது. கடலுக்கு மேல் மழை மறித்தால் திரும்பி இங்கேயே வந்து இறங்கவும் வேண்டும். தபாலை இறக்க முடியாது. இறக்கக்கூடியது பயணி ஒருவர்தான்.

"மூட்டையை நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறேனே, அத்திம்பேரே" என்றேன்.

"பரஸ்தானத்தைத் திருப்பி ஆத்துக்கு அனுப்பறதாவது! உள்ளே பெருமாள் தீர்த்தம் இருக்கு. அண்ணா அதுக்குத்தான் காத்துண்டிருப்பான்."

மணி பத்தரை தாண்டியது. விமானி கையுறையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அத்திம்பேர் கைப்பெட்டியைத் திறந்து பணப்பையை எடுத்து மடியில் செருகினார். கோட்டு, பூட்ஸ், மாற்றுத் துணிகளோடு பெட்டியை மூடி என்னிடம் தள்ளினார். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி தராசில் ஏறினார்.

ஞானமுத்து முள்ளை உற்றுப் பார்த்து, "ஓடுங்க சார்!" என்றார்.

பஞ்சகச்சத்தோடு ஒருவர் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. சரியாகப் பதினொன்றுக்கு விமானம் எழும்பித் தெற்கே திரும்பியது.

நான் கிளம்பவில்லை. ஞானமுத்து மைதானத்து எல்லையில் இருந்த வெள்ளைக் கற்களைக் காட்டினார். அவற்றுக்கு அப்பாலும் கிணறு வெட்டாமல், மரம் வைக்காமல் நிலம் விட்டிருக்கிறார்கள்.

"இப்ப இருக்கிற விமானத்துக்கு அவ்வளவு தூரம் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"இதுக்கில்லைங்க. இனிமே வரப்போற பெரிய விமானத்துக்கு."

அந்த விமானம் எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது. இடம் மட்டும் தயார். எனக்கு அது பிடித்திருந்தது.

விமானம் போனபின்னும் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. கொழும்பில் இறங்கிய செய்தி வரும்வரை இங்கே வேலை முடிந்ததாக அர்த்தமில்லையாம். ஒன்றரை மணிக்கு வயர்லெஸ் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்: "எறங்கியாச்சு!"

மாலைக்கு முன் அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள். நிம்மதியாகச் சாலைக்கு நடந்தேன்.

நான் வீடு சேர்ந்தபோது மணி நாலரை. கூடத்தில் காலையில் சாப்பிட்ட இடம் அப்படியே கிடந்தது. ஊருக்குப் போனவர் போய்ச் சேருமுன் வீட்டைப் பெருக்கக் கூடாதென்று அக்கா விளக்குமாற்றைத் தொடவேயில்லை. விமான நிலையத்தாருக்கும் எங்கள் வீட்டாருக்கும் வழக்கம் ஒன்றுதான்.

"போய்ச் சேர்ந்துட்டார். நீ பெருக்கலாம்" என்றேன்.