இரைச்சல் என்று நான் நீக்கிய குரல்

பெங்களூரு ஆஸ்டின் டவுன் வீட்டில் கிதார் வாசித்து, நானே எழுதிய பாட்டுகளைப் போனில் பதிவு செய்து இணையத்தில் போடுவேன். ஒருநாள் பாதிப் பாட்டில் அம்மா சமையலறையிலிருந்து, "ஊட்டா ஆறிப்போவுதுடா, சாப்ட்டு வந்து பாடு" என்று கூப்பிட்டுவிட்டார். எரிச்சலோடு, புதிதாக இறக்கிய செயலியில் 'இரைச்சல் நீக்கு' என்பதை அழுத்தினேன். ஆட்டோ ஹாரனும் அம்மாவின் குரலும் சுத்தமாகப் போயின. பூரித்துப்போய் பழைய பதிவை அழித்தேன்.

நான்கே மாதத்தில் அம்மா மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரே வீடு என்பதால் எங்களுக்குள் வாய்ஸ் மெசேஜ் எதுவும் கிடையாது. அந்தப் பாட்டில் அவர் கூப்பிட்ட இடத்தில் இப்போது என் கிதார் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது.

அதன்பின் எந்தப் பதிவையும் நான் சுத்தம் செய்வதில்லை. பதிவின்போது அப்பா இருமினால், வாசிப்பதை நிறுத்திவிட்டு அதை முழுதாகப் பதிவாக விடுகிறேன்.