ஆறு சாலுக்கு ஒரு சால்

ஒரு கேம் நல்லதா இல்லையா என்று சொல்ல என்னிடம் ஓர் அளவு இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு விளையாட உட்காருவேன். பால் பொங்குவதற்குள் எழுந்து போய்விட்டால் அந்தக் கேம் சுமார். பொங்கி வழிந்த பிறகு ஓடினால் நல்ல கேம். தீய்ந்த வாடை முன்கட்டு வரைக்கும் வந்தும் நான் நகரவில்லை என்றால், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன், உடனே விளையாடிப் பாருங்கள் என்று. என் வீட்டுக்காரர் இந்த அளவை ஒப்புக்கொள்வதில்லை. பால் வாங்கி வருவது அவர்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது நான் கல்லாவில் இருப்பேன். அந்த வெயிலில் ஈ காக்கா வராது. யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் விளையாடி முடித்த கேம்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. விளையாடியதோடு நிற்க மாட்டேன். என் தம்பி, சித்தப்பா மகள்கள் இரண்டு பேர், நான் என்று நான்கு பேருக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. அதில் ஒவ்வொரு கேமையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்வோம்.

என் அபிப்பிராயங்களை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரே நிறத்தில் மூன்று பழங்களைச் சேர்க்கிற கேம், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது விளையாடலாம். மற்ற நேரத்தில் விளையாடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஓட்டல் நடத்துகிற கேம் பக்கமே போக மாட்டேன். வீட்டில் தோசை சுட்டது போதாதென்று போனிலும் சுட வேண்டுமா? மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற கேம் அருமை. ஆனால் வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால் எனக்கு நெஞ்சு பதறும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு விவசாயக் கேம். நிலத்தை உழுது, விதைத்து, தண்ணீர் விட்டு, அறுக்க வேண்டும். இரண்டு பாத்திரம் தீய்ந்த கேம் அது.

இதைச் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். “ஏக்கா, ஊர்ல பாக்குற வெவசாயம் பத்தாதா? கேம்லயும் களை எடுக்கணுமா? ஒனக்கு என்ன கிறுக்கா?” என்றான். பக்கத்துத் தோட்டத்துக்கு ஓர் ஆளைச் சேர்த்தால் எனக்கு ஒரு கறவை மாடு கிடைக்கும் என்று கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு கணக்குத் தொடங்கினான். தோட்டத்துக்கு ‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்று பெயர் வைத்தான். எனக்கு மாடு கிடைத்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் தோட்டத்தை ஒட்டி அவனுடைய தோட்டம் புல் மண்டிக் கிடந்தது.

அவனுக்குச் சண்டைக் கேம்தான் உயிர். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் கத்திக்கொண்டே விளையாட வேண்டும். அப்படி ஒன்றை அவனுக்குச் சொன்னது நான்தான். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் பிறந்த ஊர் திருச்சுழிப் பக்கம், வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே மக்காச்சோளத்தை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். அந்த நாட்களில் பெரிய தொல்லை மயில். கூட்டமாக இறங்கி, மண்ணைக் கிளறி, விதையைப் பொறுக்கித் தின்றுவிடும். மயிலை அடிக்கக்கூடாது, கேஸ் ஆகிவிடும். ஆள் உட்கார்ந்து தகரத்தைத் தட்டி விரட்டத்தான் முடியும். போன புரட்டாசியில் விதைத்த மறுநாள் காலைக் காவல் தம்பிக்கு. அன்று விடிந்ததும் நான் அவனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். “ஏலே, இத ஒடனே ஏத்திப் பாரு. அப்புறம் வெளையாடுறேன்னு வச்சிராத.”

அவன் வைக்கவில்லை. வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். அப்பா புஞ்சைக்கு வந்து பார்த்தபோது மயில்கள் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்கு வந்திருந்தன. இவன் போனுக்குள் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

டீக்கடை முன்னால் ஊர் பார்க்க அப்பா சொன்ன வார்த்தையைத் திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை. மகன் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் சாரம். இருபத்தாறு வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் போய்விட்டான். சிம் கார்டைக் கழற்றி டிவி மேல் வைத்திருந்தான்.

ஐந்து மாதம். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர், சிவகாசி, சென்னை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தோம். அந்தச் சண்டைக் கேமைத் திறந்து, அவன் விளையாட வந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளி எரிகிறதா என்று தினமும் பார்ப்பேன். ஒரு நாளும் எரியவில்லை. அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கிணற்றில் ஏதாவது மிதக்கிறது என்று யாராவது சொன்னால் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடுவார். கேமைச் சொன்னது நான்தான் என்று யாருக்கும் தெரியாது. அவனும் காட்டிக் கொடுக்காமலே போயிருந்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பயம் எனக்கு.

மாசி மாதம் ஒரு மதியம். கல்லாவில் உட்கார்ந்து விவசாயக் கேமைத் திறந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் புல்லைக் காணோம். உழுது, விதைத்து, முளை கிளம்பியிருந்தது.

அடித்துப் பிடித்து உள்ளே ஓடி வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். “போன வித்திருப்பான். வாங்குனவன் வெளையாடுறான். நீயா எதையாவது நெனைச்சு அங்க போன் போட்டுச் சொல்லிராத” என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவரைப் போல் எனக்குப் பிடிக்காத மனிதர் உலகத்திலேயே கிடையாது.

யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிர் வளர்ந்தது. நடுவில் மக்காச்சோளம். நான்கு ஓரமும் சுற்றி ஒரே வரிசையாகச் சூரியகாந்தி. மக்காச்சோளத்துக்குள்ளும் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை பீன்ஸ்.

கேம் தெரிந்தவன் எவனும் இப்படி விதைக்க மாட்டான். அதில் பூச்சி கிடையாது, வழியில் போகிற ஆடு வாய் வைக்காது, மழை பொய்க்காது. ஒரே பயிரைப் போட்டு அறுத்துக்கொண்டே இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். ஓரப்பயிர் போடுவது சுத்த முட்டாள்தனம். ஆனால் எங்கள் அப்பா புஞ்சையில் அப்படித்தான் இருக்கும். சுற்றிலும் ஆமணக்கு, உள்ளே ஏர் கிழித்த ஆறு சாலுக்கு ஒரு சால் தட்டாம்பயறு. ஒரு பயிர் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று, மழையை நம்பாதவர்கள் விதைக்கிற விதைப்பு. கேமில் ஆமணக்கு இல்லாததால் உயரமாக வளர்கிற சூரியகாந்தியைப் போட்டிருக்கிறான். தட்டாம்பயறுக்குப் பதில் பீன்ஸ்.

போனை விலைக்கு வாங்கியவனுக்கு இது எப்படித் தெரியும்?

கல்லாவில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதுவிட்டேன். பொட்டாஷ் கேட்டு வந்த பெரியவர் பயந்துபோய், “ஸ்டாக் இல்லாட்டி பரவால்ல தாயி, நாளைக்கு வாரேன்” என்று கிளம்பிவிட்டார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறான். மார்பில் ஐந்து மாதமாக இருந்த பாரம் இறங்கியபோதுதான், அதைச் சுமந்துகொண்டே இத்தனை நாள் நடமாடியிருக்கிறேன் என்று தெரிந்தது.

போனைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஆறு வரிசையை விரலால் எண்ணிப் பார்த்தார், கடையைச் சாத்தினார். வீரசோழன் போகிற பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனோம்.

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. “அவந்தானாடி? நல்லாத் தெரியுமா? அந்தத் தோட்டத்துக்குள்ள திங்க என்ன இருக்கு?” என்று கேட்டார். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“கடைசி வரிசையப் பாரு. ஓரத்துல எடம் விடாம நெருக்கிப் போட்டிருக்கான். எத்தன தடவ சொல்லியிருப்பேன்” என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. “அப்பா, அன்னிக்கு அவன் வெளையாண்டது நான் சொன்ன கேமு. நாந்தான் ஒடனே வெளையாடுன்னு சொன்னேன்” என்றேன்.

அப்பா துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன்.

“சரி, அது கெடக்கு. இதுல அவங்கூடப் பேச முடியுமா?” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஐந்து மாதம் எதற்காகத் தூங்காமல் கிடந்தேன் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அந்தக் கேமில் பேச வழியில்லை. இது ஒரு பெரிய குறை, அதைத் தனியாகச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்கு ஏதாவது பொருள் அனுப்பலாம், அல்லது உதவி கேட்கலாம். பொருள்களின் படங்களைக் காட்டினேன். அப்பா காக்கா விரட்டுகிற பொம்மையைத் தொட்டார். “அய்யய்யோ, அது வேணாம். குத்திக் காட்டுறீகன்னு நெனைப்பான்” என்று அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். முட்டை அனுப்பலாம் என்பது அம்மாவின் கட்சி. அதைச் சாப்பிட முடியாது என்றால் அம்மா நம்பவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் பீப்பாய்க்கு நின்றார். என்ன அனுப்புவது என்று நான்கு பேரும் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து சண்டை போட்டோம். அந்த வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

“அந்த இன்னொண்ணு என்ன சொன்ன? உதவி கேக்குறதா?” என்றார் அப்பா.

‘களை எடுக்கக் கை கொடுங்கள்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. காட்டினேன். அறுப்புக்கு ஆள் கிடைக்காத வருஷத்தில்கூட யார் வாசலிலும் போய் நிற்காத மனிதர் அதைக் கட்டை விரலால் அமுக்கினார். போனதா என்று சந்தேகம் வந்து மறுபடி அமுக்கினார். போதும் என்று நான் பிடுங்குவதற்குள் மோட்டார் சுவிட்சை அமுக்குவது போல ஏழு தடவை அமுக்கிவிட்டார்.

மறுநாள் மதியம் கேமைத் திறந்தபோது என் தோட்டத்தில் ஒரு களை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“அக்கா” என்றான்.

இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவனே பேசினான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். சாப்பாடு பரவாயில்லையாம். சண்டைக் கேமைத் தொடவே மனசு வரவில்லையாம். ஒரு லீவு நாளில் ரூமில் சும்மா கிடந்தபோதுதான் இதைத் திறந்தானாம். பிறகு கேட்டான்.

“அக்கா, நேத்து உதவி கேட்டது நீயில்லேல? நீயா இருந்தா ஒரு தடவ அமுக்கிட்டு விட்டிருவ. ஏழு தடவ வந்துச்சு.”

“அப்பாதான்டா” என்றேன்.

“ஞாயித்துக்கிழம வாரேன்னு சொல்லு” என்று வைத்துவிட்டான்.

உடனே அப்பாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். எங்கே இருக்கிறான், என்ன வேலை, எப்போது வருகிறான் என்று எதையும் அவர் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மாவைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

“ஏய், அவன் வாரானாம். சோத்துக்கு ஒலைய வையி!”

அன்றைக்கு வியாழக்கிழமை.